விமானத்துக்குக் கலசம் எத்தனை?

தமிழில் எம்.ஏ. படித்தவனிடம் மனு எழுதக் கொடுக்காதீர்கள். சொல்வது வேறு யாரோ இல்லை, தமிழில் எம்.ஏ. படித்த நானேதான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ் வாத்தியார் வேலை, பெண் எடுத்தது ராஜபாளையத்தில். மாமனார் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் பட்டாளத்து நண்பர்கள் நாலைந்து பேரும் சேர்ந்து, பறந்து ஓய்ந்த போர் விமானம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, மூடிக் கிடந்த பஞ்சுக் கிட்டங்கியில் தார்ப்பாய் போட்டு வைத்திருந்தார்கள். அதற்கு ஓர் அருங்காட்சியகம் கட்ட அரசாங்கம் நிதி தர வேண்டும். பங்குனிக்குள் வராவிட்டால் விமானம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று கடிதமே வந்துவிட்டது.

"மாப்ள, எல்லாம் ஒங்க தமிழ்லதான் இருக்கு" என்று மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. (எனக்குத் தலைகால் புரியவில்லை.)

அரசாங்கக் கடிதத்தில் கோடு போட்டுப் போட்டுத்தானே பொருள் எழுதுவார்கள்? நானும் எழுதினேன்: 'பொருள்: ராஜபாளையம் – போர் – விமானம் – பராமரிப்பு – நிதி வேண்டுதல் – தொடர்பாக.' பத்தே நாளில் இரண்டு பேர் டேப்போடு வந்து இறங்கினார்கள்.

"போர் எத்தனை அடி போகணும் சார்? ஏற்கெனவே தண்ணி வருதா?"

மனு குடிநீர்ப் பிரிவுக்குப் போயிருந்தது. மாமா அன்று சிரித்தார். "விடுங்க மாப்ள, அந்தப் போரை எடுத்துட்டு எழுதுங்க" என்றார். எடுத்துவிட்டு எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ரிப்பேர்னு போடுங்களேன், சட்டுனு புரியும்" என்றார்.

"மாமா, ரிப்பேர் தமிழே இல்லை" என்றேன். (என்ன திமிர் பாருங்கள்.) பிறகு எழுதியது இது: 'ராஜபாளையம் – சிதிலமடைந்த பழமையான விமானம் – திருப்பணி – நிதி வேண்டுதல் – தொடர்பாக.' வாசித்துக் காட்டும்போது எனக்கே புல்லரித்தது.

கோயிலில் கருவறைக்கு மேலே எழும்பி நிற்பதற்கும் விமானம் என்றுதான் பெயர். அதை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த ஊர்க்காரன் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

இந்த முறை அறநிலையத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கூடவே நெற்றி நிறைய விபூதியோடு ஒரு ஸ்தபதி. கிட்டங்கி வாசலில் அந்த ஸ்தபதி செருப்பைக் கழற்றியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். போர் விமானத்துக்குக் கொடுக்கிற மரியாதை போல என்று மாமாவும் செருப்பைக் கழற்றினார்.

தார்ப்பாயைப் பார்த்த அதிகாரி, "சின்ன விமானமாத்தான் இருக்கு. உள்ளே இருக்கிறது யாரு?" என்றார்.

"இப்ப யாரும் இல்ல சார். ஒருத்தர்தான் உக்காரலாம்" என்றார் மாமா.

"உட்கார்ந்த கோலம்" என்று ஸ்தபதி நோட்டில் குறித்துக்கொண்டார். "முகம் எந்தப் பக்கம்?"

"மேற்க, அய்யனார் கோவிலைப் பாத்து. மூக்கு மட்டும் செத்த துருப்பிடிச்சிருக்கு."

"மூக்கா? கலசம் எத்தனை?"

"கலசமா? முன்னால குண்டுதான் ரெண்டு மாட்டியிருந்தாவ. கழட்டிட்டுத்தான் குடுத்தாவ."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாமா பெருமையோடு தார்ப்பாயை உருவினார்.

"இதுக்கு ரெக்கை இருக்கே! கருடனா?" என்றார் ஸ்தபதி.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய் மனுன்னு எழுதிட்டுப் போறேன். இனி ஒரு பைசா கெடைக்காது" என்று ஃபைலை மூடினார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, என்னலே எழுதித் தொலைச்ச?"

மூன்று மாதமாக 'மாப்ள, வாங்க, போங்க'. ஒரே விநாடியில் ஏலே. டயரில் காற்று மட்டும் இருந்திருந்தால் அந்த விமானத்திலேயே ஏறி ஓடியிருப்பேன்.

காப்பாற்றியவர் ஸ்தபதிதான். இந்தக் கூச்சலுக்கு நடுவில் ஏணி வைத்து ஏறி பைலட் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். "இறங்குங்கய்யா, நேரமாச்சு" என்றார் அதிகாரி. "செத்த நேரம் இருங்க" என்று ஸ்தபதி கண்ணை மூடிக்கொண்டு பிடியை இடமும் வலமும் ஆட்டினார். வாயால் 'டுர்ர்ர்' என்று சத்தம் வேறு. அறுபது வயது மனிதர். அவர் இறங்கியதும் அதிகாரி அக்கம்பக்கம் பார்த்தார். "சும்மா... ஆய்வுக்காக" என்று முனகிக்கொண்டே அவரும் ஏறினார். அரை மணி நேரம் ஆய்வு செய்தார். இறங்கும்போது, எந்த அலுவலகத்துக்கு எப்படி எழுத வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது மனுவை என் மனைவி செல்வி எழுதினாள். அவள் படித்தது பி.காம். பங்குனி முடிய நாலு நாள் இருக்கும்போது நிதி உத்தரவு வந்தது. மாமா அதைப் படித்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.

திறப்பு விழாவுக்கு ஸ்தபதி ஒரு சின்னப் பித்தளைக் கலசம் கொண்டுவந்து கொடுத்தார். "விமானம்னா ஒண்ணாவது இருக்கட்டும்" என்றார். தலைக்கவசம், பாராசூட்டுக்கு நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இன்றும் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் விமானத்தை விட்டுவிட்டு அதைத்தான் கேட்கிறார்கள், "இது எந்தப் போர்ல கெடைச்சது?" என்று.

மாமா என்னைக் கை காட்டுவார். "எங்க மாப்ள தமிழோட போட்ட போர்ல. ஏலே மாப்ள, இங்க வா, இவியளுக்குக் கதையைச் சொல்லு."