தண்ணீர் குடித்து வந்த முகம்

ஐந்து வயதில் மூளைக்காய்ச்சலை வென்றவர். அப்பா இல்லாத வீட்டிலிருந்து பட்டத்தை வென்றவர். அலுவலகத்தில் இருமுறை நடந்த ஆட்குறைப்பையும் வென்று மேலாளர் நாற்காலியில் அமர்ந்தவர். கடைசியில் யாரிடம் தோற்றார் தெரியுமா? குளியலறைக் கண்ணாடியிடம். நெற்றியில் மூன்று கோடு!

இப்படித் தோற்று, ஊரறியாமல் முகத்தைச் சரிசெய்துகொண்டு, 'எல்லாம் தண்ணீர் குடிப்பதால்தான்' என்று சாதிக்கும் ஓர் இனம் உங்கள் தெருவிலும் உண்டு. நம்மவர் அதில் ஒருவர். அவரை வளர்த்து ஆளாக்கிய அக்காவுக்கு மட்டும் அவர் இன்னும் 'தம்பி'.

நெற்றிக்கு ஊசி, கண்ணோரத்துக்கு ஊசி, கன்னத்துக்குள் நூல் விட்டு மேல்நோக்கி ஓர் இழுப்பு. துணிக்குச் செய்தால் தையல். முகத்துக்குச் செய்தால் சிகிச்சை. கத்தியில்லை, கட்டில்லை, மதிய இடைவேளையில் போய்விட்டு மூன்று மணிக் கூட்டத்துக்குத் திரும்பிவிடலாம். முகத்தைப் பார்த்து வியந்து கேட்ட அலுவலகக் கணக்காளரிடம் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். அதை நம்பிய கணக்காளர் இன்றுவரை கழிவறைக்கும் நாற்காலிக்குமாக நடக்கிறார்.

அக்கா நம்பவில்லை.

"என்னடா மூஞ்சி இது, இஸ்திரி போட்ட மாதிரி?"

அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மகள் ஓர் இளைஞனை அழைத்து வந்தாள்.

"அப்பா, நான் இவரைத்தான் கட்டிக்கப் போறேன்."

நம்மவருக்கு உள்ளே தலைகால் புரியாத சந்தோஷம். வெளியே? பூட்டிய கடை. நெற்றி ஏறவில்லை, கண் சுருங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தால் நூல் நழுவும் என்று டாக்டர் வேறு எச்சரித்திருந்தார்.

"பிடிக்கலைன்னா சொல்லிடுங்கப்பா."

"ரொம்ப சந்தோஷம்மா."

"இதுவா சந்தோஷம்?"

ஊசி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'சொல்லேன்டா' என்று பக்கத்திலிருந்த அக்கா அவர் தொடையைக் கிள்ளினாள். "வெயில்ல அலைஞ்ச களைப்பு" என்றார் அந்த மகா மனிதர். இளைஞன் எழுந்தான். மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே இறங்கினாள்.

அக்கா சத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படியில் ஓடினாள்.

"ஏ புள்ள, நில்லு! உங்கப்பன் மனசுல ஒண்ணும் இல்ல. மூஞ்சியில ஊசி குத்திட்டு வந்து நிக்கிறான்!"

படியில் வெடித்த சிரிப்பு மாடிவரை கேட்டது. மகள் திரும்ப ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு, அவர் கன்னத்தில் கன்னத்தை வைத்தாள். பெற்ற மனம் அந்த நேரத்தில் என்ன சொன்னது?

"மெதுவா, மெதுவா. அந்தப் பக்கம் நூல் இருக்கு."

சிரிக்கிறீர்களா? அப்படியே எழுந்துபோய்க் கண்ணாடியைப் பாருங்கள். கண்ணோரம் கோடு விழுந்தால் பிழைத்தீர்கள். விழவில்லையா? பயப்படாதீர்கள், வெளியில் மூச்சுவிட மாட்டோம். மருத்துவமனைச் சம்மதத் தாளில் நீங்கள் எந்த நாளில் கையெழுத்திட்டீர்கள் என்பது உங்களுக்கே வெளிச்சம். நம்மவரின் முதல் கையெழுத்து விழுந்த நாளை மட்டும் உங்கள் காதில் போட்டுவைக்கிறோம்: மார்ச் ஒன்பது.