கழலாத திருகாணி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு நீங்களும் எங்கள் பெண்ணும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பின்னறை எனக்குத்தான். அதில் தையல் வகுப்பு நடத்தியே தீருவேன் என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றது உங்களுக்குத் தெரியும். நான் அங்கே செய்துவந்த தேய்ப்பு இயந்திரம் பெரிய விஷயமில்லை: ஒரு மேசை, அதன் ஓரத்தில் மோட்டார், மோட்டார் முனையில் உப்புத்தாள் மாட்டிய வட்டப் பலகை, அவ்வளவுதான். ஆனால் இதற்கெல்லாம் நான் வாங்கியது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஓட்டும்போதெல்லாம் உள்ளே மரை பொடிந்து திருகாணிகள் கையோடு வந்துவிடும். "அதுல ஸ்க்ரூ எங்கங்க நிக்கும்? உங்களுக்குத்தான் மரை கழண்டுபோச்சு" என்றாள் அத்தை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். வீட்டு முக்காலியைத் தேய்த்து முடிக்கும்வரை ஒரு திருகாணிகூட அசையக் கூடாது, அசைந்தால் அறை தையலுக்கு.

நீங்கள் ஃபோனில் சொன்ன வைத்தியம் நல்ல வைத்தியம்தான். திருகாணியை ஒருமுறை முறுக்கிக் கழற்றி, துளைக்குள் தண்ணீர் மாதிரியான சூப்பர் க்ளூவை விட்டு, பலகை அதைக் குடித்து நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி முறுக்கினால் மரை கல்லாகிவிடும் என்றீர்கள். ஆனால் காயும்வரை எதற்குச் சும்மா உட்கார்ந்திருப்பது? ஈரத்திலேயே திருகாணியை இறக்கினால் மரை வார்த்தெடுத்தது போல அமையுமே. அலுவலகத்தில் அடுத்தவர் யோசனைகளைத் திருத்தியே ஓய்வு பெற்றவன் நான். உப்புத்தாளைப் பிடித்திருக்கும் வளையத்தின் திருகாணிகள் உட்பட எல்லாவற்றையும் அப்படியே இறக்கினேன்.

நேற்று சோதனை. முக்காலி வழவழவென்று ஆகிவிட்டது. அத்தையே ஸ்க்ரூ டிரைவரோடு வந்து ஒவ்வொன்றையும் முக்கி முக்கித் திருகிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. "சரி, நின்னுடுச்சு. ஒத்துக்கறேன்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆகவே எங்கள் பெண் அடுத்து ஃபோன் செய்யும்போது, அறை அப்பாவுக்குத்தான் என்று அம்மாவிடம் அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள். இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உப்புத்தாள் தேய்ந்துவிட்டது. புதியதை மாட்ட வளையத்தைக் கழற்றப் போனேன். கழலவில்லை. எதுவுமே கழலவில்லை. இனி இயந்திரம் ஓடும், ஆனால் தேய்க்காது. அத்தை வந்து மேசையை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தாள். "இவ்வளவு ஆடாத மேசை கடைலகூடக் கிடைக்காதுங்க" என்று தையல் மிஷினைத் தூக்கிவந்து அதன்மேல் வைத்துவிட்டாள். பொருத்தித் தரும்படி என்னையே கேட்டாள். பொருத்திக் கொடுத்தேன், ஈரத்திலேயே. அதுவும் கழலாது மாப்பிள்ளை, அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.