ஆஸ்பத்திரிக்குப் போன பெரியவர் எங்கே?

தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் அழுகையை மூட்டிவிட்டு, தான் மட்டும் நிம்மதியாகச் சாப்பிடப் போகும் தொலைக்காட்சித் தொடரின் கதாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும். தங்கள் வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால், அவர் இப்போது எந்த அறையில் இருக்கிறார் என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து மேற்கொண்டு படியுங்கள். காரணம் பின்னால் வரும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். தையல் வேலை செய்கிறவள். அவள் கையெழுத்தும் தையல் மாதிரியே நேராக ஓடும் என்கிறார்கள், எனக்கென்ன தெரியும். எழுதி வைக்கத் தெரியாதவனுக்கு எதையும் மறக்கிற வசதி கிடையாது. நான் சைக்கிள் ஸ்டாண்டு நடத்திய காலத்தில் யாருக்கும் டோக்கன் கொடுத்ததில்லை. ஆளையும் வண்டியையும் சேர்த்து ஒரு தடவை பார்த்தால் போதும். முடி நிறைய இருந்தபோது வண்டியை விட்டுப் போன ஒருத்தர் வழுக்கைத் தலையோடு திரும்பி வந்து தயங்கி நின்றார். நான் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போய் அவர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். அப்படிப்பட்டவனிடமா உங்கள் வித்தையைக் காட்டுகிறீர்கள்?

உங்கள் தொடரில் அந்தப் பெரிய வீட்டின் பீரோ சாவி காணாமல் போனது. பீரோவுக்குள்தான் வீட்டுப் பத்திரம். சாவி போன அதே நாளில் வீட்டுப் பெரியவர் மாடிப்படியில் உருண்டு விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள், மூத்த மருமகள் வாசல்வரை அழுதுகொண்டே ஓடினாள், அத்தோடு சரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நின்றது, நின்ற கல்யாணம் வேறு ஆளோடு நடந்தது, வக்கீல் மாப்பிள்ளைக்கு ஞாபகம் போனது, போன ஞாபகம் காரில் அடிபட்டதும் திரும்பி வந்தது, செத்துப்போன சின்ன மகளைப் போலவே ஒருத்தி பெட்டியோடு வந்து இறங்கினாள், எல்லாம் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போன மனுஷன் இருக்கிறாரா இல்லையா என்று கேட்க ஒரு நாதியில்லை. பெற்ற பிள்ளைகள் கேட்கவில்லை, கட்டிய பெண்டாட்டி கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் உட்காரும் நாற்காலியையும் எடுத்துவிட்டீர்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு பூந்தொட்டி இருக்கிறது. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தீர்களோ? நான் கவனித்தேன். முதல் நாளிலிருந்து அந்தப் பூந்தொட்டியைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

சாவியை எடுத்தது யார் என்று இப்போது ஊரே அடித்துக்கொள்கிறது. மூத்த மருமகள்தான் என்கிறாள் இதை எழுதுகிறவள். வக்கீல் மாப்பிள்ளைதான் என்கிறான் என் மகன். அவன் பழுதான பிரிட்ஜைப் பார்க்கிற மெக்கானிக், எதையும் பின்பக்கமாகத் திறந்துதான் பார்ப்பான். நான் சொல்வது வேறு. ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது போர்வை விலகியது. பெரியவரின் இடது கை தளர்ந்து தொங்கியது. வலது கை இறுக மூடியிருந்தது. விழுகிற மனுஷன் எதையாவது பிடிக்கக் கையை விரிப்பானா, மூடுவானா? திருடனோடு மல்லுக்கட்டி அவன் சட்டைப் பொத்தானைப் பிய்த்திருக்கிறார். திருடன் யார் என்பது அந்தக் கைக்குள் இருக்கிறது.

"அப்பா, அந்த நடிகருக்குக் கைய மூடுற பழக்கம் இருக்கும், விடுங்க" என்றான் மகன்.

"பழக்கம்னா இடது கையும்ல மூடியிருக்கணும்?"

"மாமா, அவரு வேற தொடருக்குப் போயிட்டாராம். பிளவுஸ் தைக்கக் குடுத்த அக்கா சொன்னாங்க" என்றாள் மருமகள்.

"வேற வீட்டுக்கு நடிக்கப் போனா, இந்த வீட்டுல அப்பன் இல்லேன்னு ஆயிடுமா?"

மகன் டிவி சத்தத்தைக் கூட்டினான். கூட்டாமல் என்ன செய்வான்? அன்று காலையில்தான் அவன் என் நாற்காலிப் பேச்சை எடுத்திருந்தான். ஹாலில் ஜன்னலோரம் என் நாற்காலி இருக்கிறது. நல்ல வெளிச்சம் வருகிற இடம். மருமகளின் தையல் மிஷின் பின்னறையில், இருட்டில் கிடக்கிறது. "மிஷின் இங்க வரட்டும்பா. நீங்க பின்னால வசதியா இருங்க. உங்களுக்குன்னு தனியா ஒரு டிவி வாங்கித் தர்றேன்" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். என் காதில் மட்டும் ஸ்ட்ரெச்சர் உருளுகிற சத்தம் கேட்டது. இன்றைக்குப் பின்னறை என்பார்கள். நாளைக்கு என் இடத்தில் ஒரு பூந்தொட்டி வரும்.

"மாமா, இது வீட்டு விஷயம். இதையும் எழுதணுமா?" என்கிறாள் மருமகள், பேனாவை நிறுத்தி.

"எழுது. நீ அப்படிக் கேட்டதையும் சேர்த்து எழுது."

ஆகவே அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "பெரியவர் வருவார். வந்து கையத் திறப்பார். அவர் மேல ஒரு குத்தம் இருக்காது. இருந்துச்சுன்னா நானே நாற்காலியத் தூக்கிக்கிட்டுப் பின்னறைக்குப் போறேன்."

"அவரு வரவே இல்லேன்னா?" என்றான் மகன்.

"கதாசிரியருக்கு எழுதி வர வைப்பேன்."

எழுதிவிட்டேன். எனவே, ஐயா, அவரை உடனே வீட்டுக்கு அனுப்புங்கள். சக்கர நாற்காலியில் வேண்டாம், சொந்தக் காலில் நடந்து வரட்டும். முகத்தை மாற்றி வேறு ஆளை அனுப்பி, "இனி இவருக்குப் பதில் இவர்" என்று கீழே எழுத்து ஓட விட்டால் நான் ஏற்க மாட்டேன். எனக்குத்தான் எழுத்து தெரியாதே. பூந்தொட்டியை முதலில் எடுங்கள். அப்புறம் மற்றதைப் பேசலாம்.

உங்களுக்கு நீண்ட ஆயுளும், உங்கள் கதைக்குக் கொஞ்சம் குறைந்த ஆயுளும் கிடைக்கட்டும். உங்கள் பிள்ளைகள் உங்களை வெளிச்சமுள்ள இடத்திலேயே உட்கார வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஜன்னலோர நாற்காலிக்காரன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள், முந்தாநாள் பெரியவர் வந்துவிட்டார். சொந்தக் காலில், அதே முகத்தோடு வந்தார். பூந்தொட்டியைத் தன் கையாலேயே நகர்த்தி வைத்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் குடும்பம் முழுக்கச் சுற்றி நிற்க, அவர் வலது கையைத் திறந்தார். உள்ளே பீரோ சாவி இருந்தது. எடுத்தவரே அவர்தான். எடுத்துக்கொண்டு ஓடும்போதுதான் விழுந்திருக்கிறார். என் மருமகள்தான் என் பக்கம் திரும்பி, "கை மூடித்தான் இருந்துச்சு மாமா. அத நீங்க மட்டுந்தான் பார்த்தீங்க" என்றாள். நான் நாற்காலியைத் தூக்கினேன்.

பின்னறைக்கு வந்த புது டிவி ஹாலில் இருப்பதைவிடப் பெரிது. அதனால் நேற்றுச் சாயங்காலம் மகன், மருமகள், அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் எல்லோரும் என் கட்டிலில்தான். வெளிச்சமான ஹாலில் மிஷின் தனியாக நிற்கிறது. எனக்குக் கால் நீட்ட இடமில்லை. மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிடவும். மறுபடி எழுத மருமகள் மறுக்கிறாள். அந்த ஆளைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கே அனுப்புங்கள். போவதற்கு முன் அவருடைய இடது கையை ஒரு தடவை திறக்கச் சொல்லுங்கள். நேற்று அது மூடியிருந்தது.