நாங்குநேரிக்காரர்கள் முன்னால் என் மூக்கு நடந்துகொண்ட விதம்

திருநெல்வேலி டவுண்,
பங்குனி மாதம், வேம்பு பூத்த மூன்றாம் வாரம்.

என் உடன்பிறந்தாள் ஆவுடைத்தாய் பெற்ற ஒரே செல்வமும், பெங்களூரில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவளும், தாய்மாமன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியையும் நம்பாதவளுமாகிய சித்ரலேகாவுக்கு மாமா ஞானசம்பந்தன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே அனைவரும் நலம். என் மூக்கு மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. உன் நலத்தையும், உன் மேலதிகாரியின் நலத்தையும், முடிந்தால் பெங்களூர் மழையின் நலத்தையும் எழுதவும்.

நிற்க. நெல்லையப்பர் கோயில் கொடிமரத்தின் மேல் ஆணையாகச் சொல்லுகிறேன்: இனி நான் எழுதப்போவதை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீயும் நம்பவேண்டாம். படித்தால் போதும்.

நீ கேட்டிருந்தாய்: "தட்டு மாத்தியாச்சு, வைகாசியில கல்யாணம்னு அம்மா போன்ல சொல்லிட்டா. குமரகுருபரன் நல்லவன், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா தாயில்லாப் பிள்ளையான அவன வளத்த அத்த ராஜராஜேஸ்வரி, சகுனம் பாத்தே நாலு சம்பந்தத்த முறிச்சவங்களாம். அந்த வீட்டுல நான் போயி மூச்சு விட முடியுமா மாமா? நேர்ல இருந்தது நீங்க. பத்திரிகை அடிக்கதுக்கு முன்னால உண்மையச் சொல்லுங்க." இவ்வளவு பெரிய கேள்விக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுத எனக்குத் தைரியமில்லை. என் போனை என்னைவிட உன் அம்மா நன்றாகப் படிக்கிறாள். ஆகவே தபால்.

முதலில் மூக்கிலிருந்து தொடங்குகிறேன். மாசியில் மாமரம் பூப்பதிலிருந்து சித்திரையில் வேம்பு உதிர்கிறவரை என் மூக்கு யார் சொல்லையும் கேட்காது என்பது நீ அறிந்ததே. போன வருடம் வாகையடி முக்கில் நின்று ஒரு தும்மல் போட்டேன். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்த டவுண் பஸ் தானே கிளம்பி ஜங்ஷன் போய்ச் சேர்ந்தது. கண்டக்டர் வழியில் எல்லோருக்கும் டிக்கெட்டும் கொடுத்துவிட்டார். அல்வாக் கடை ஈக்கள் பாளையங்கோட்டையில் போய் இறங்கின. குறுக்குத்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் தாமிரபரணி ஒரு நாழிகை நேரம் பாபநாசத்தைப் பார்த்துத் திரும்பி ஓடியதாகச் சொல்லுகிறார்கள். நான் சொல்லவில்லை, குளித்தவர்கள் சொல்லுகிறார்கள்.

இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு நான் எப்படி உன் சம்பந்தம் பேசும் சபையில் உட்காருவது? ஒற்றைத் தும்மல் தடை, இரட்டைத் தும்மல் ஆசி என்பது நம் பக்கத்துக் கணக்கு. தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்றவும் முடியாது. உன் அம்மா ஒரு மாதமாக என் காலைச் சுற்றி வந்தாள். "அண்ணே, ஒத்தத் தும்மல் போட்டியோ, அந்தம்மா அப்பமே செருப்ப மாட்டிட்டு எறங்கிருவாவ. எம்பிள்ள வாழ்க்க ஒன் மூக்குல இருக்கு" என்று அழுதாள். அதன்பிறகுதான் நீ நீல மூடி ஒன்றும் வெள்ளை மூடி ஒன்றுமாக இரண்டு ஸ்ப்ரே அனுப்பி, வாரத்துக்கு ஒன்றாகச் சோதித்துப் பார்க்கச் சொல்லி, தும்மல், கசப்பு, தூக்கம், பக்கவிளைவு என்று கட்டம் போட்ட தாளும் அனுப்பினாய். அடிக்கும் முறையை மெடிக்கல் கடை தாஜ் முகம்மதுதான் கற்றுக்கொடுத்தார்.

"அண்ணாச்சி, தலைய அண்ணாக்காதிய. லேசாக் குனிஞ்சு, மூக்குக்கு ஒரு அமுக்கு. பைய இழுங்க. இது பன்னீர்ச் செம்பு இல்ல."

"ஏன்வே, கோபுரத்தப் பாக்க மாதிரி அண்ணாந்து அடிச்சா சீக்கிரம் மூளைக்குப் போவும்லா?"

"மூளைக்கு எதுக்கு அண்ணாச்சி? அங்கன என்ன இருக்குன்னு அடிக்கிய?"

முதல் வாரம் நீல மூடி. நாளுக்கு நாற்பதாக இருந்த தும்மல் பதினொன்றாக இறங்கியது. ஆனால் நான் யார் சொல்லியும் குனியாத பரம்பரையைச் சேர்ந்தவனாதலால் அண்ணாந்தே அடித்தேன். மருந்து தொண்டையில் இறங்கி, ஏழு நாளும் நான் தின்ற அல்வா கொஞ்சமும் கூச்சமில்லாமல் கசந்தது. இரண்டாம் வாரம் வெள்ளை மூடி. தும்மல் மூன்று. கசப்பு பூஜ்யம். தூக்கம் வந்தது. தூக்கம் என்றால் உன்னைப் போன்றவர்கள் தூங்குகிற தூக்கமா? மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். உடம்பு பஞ்சாகி, வேட்டி மட்டும் என்னோடு வர, சன்னல் வழியாக மிதந்து வெளியே போனேன். நான்கு ரத வீதியும் கீழே உள்ளங்கை ரேகை போல் கிடந்தன. மேற்கே மலை நீலமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஆறு அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருக்க, சேரன்மாதேவி வயல்களுக்கு மேலே பூந்தூள் பொன் நிறத்தில், அலசிக் காயப்போட்ட பட்டு போல அலைந்தது. ஒவ்வொரு துகளும் போகிற போக்கில் தன் மரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு போனது. அத்தனை வருடம் என்னைப் படுத்திய ஜாதி இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. உன் தாளில் பக்கவிளைவு என்ற கட்டத்தில் எழுதி வைத்தேன்: "பறத்தல். மிதமானது."

நிச்சயத்தன்று காலை நான் செய்ததை தாஜ் முகம்மதிடம் சொல்லிவிடாதே. நீலத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, பிறகு சாமிக்கு ஒன்று என்று அடித்துவிட்டேன். என் மூக்கு பஞ்ச காலத்து நாங்குநேரிப் பெரியகுளம் போல வறண்டுபோயிற்று. இனி ஆனை வந்து தும்பிக்கையை நுழைத்தாலும் ஒரு தும்மல் கிளம்பாது என்ற கர்வத்தோடு சபையில் போய் அமர்ந்தேன். பதினோரு மணிக்கு நாங்குநேரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் காந்திமதிநாதன் சாதுவான மனிதர். பின்னால் அவர் தமக்கை ராஜராஜேஸ்வரி. அந்த அம்மாள் உட்காருமுன் சுவரை ஒரு தரம் பார்த்தார். எங்கள் வீட்டுப் பல்லிகள் அத்தனையும் பரணுக்கு ஏறிவிட்டன. வாசலில் படுத்திருந்த பூனை குறுக்கே போவதா வேண்டாமா என்று யோசித்து, அடுத்த தெருவுக்கே குடிபோய்விட்டது.

நல்ல நேரம் வந்தது. வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள் வைத்த தட்டை நான் நீட்ட, காந்திமதிநாதன் கை நீட்டிப் பிடித்தார். தட்டில் அவர் கையும் இருக்கிறது, என் கையும் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து, எங்கள் வீட்டு மாமரத்துக் காற்று ஒன்று கொல்லைப்பக்கமிருந்து உள்ளே வந்தது. மனிதர் தும்மினார். ஒன்று. ஒன்றேதான்.

ராஜராஜேஸ்வரி அம்மாளின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. காந்திமதிநாதன் வாயை அசைக்காமல் என்னிடம் கிசுகிசுத்தார்:

"அண்ணாச்சி, இன்னொண்ணு வர மாட்டங்கு."

"நல்லா இழுத்துப் பாருங்க. உள்ள எங்கயாவது கெடக்கும்."

"மொதல்ல வந்ததே நான் கூப்பிட்டா வந்துது? நீங்க ஒண்ணு போடுங்க. யார் போட்டா என்ன, கணக்குக்கு ரெண்டு."

கதவு மறைவிலிருந்து உன் அம்மா, ஒரு மாதமாகத் தும்மாதே தும்மாதே என்று என்னிடம் மன்றாடிய அதே ஆவுடைத்தாய், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, தும்மித் தொலையேன்!"

லேகா, பிறந்ததிலிருந்து கேளாமலே தும்மிய மூக்கு அன்று கெஞ்சியும் தும்மவில்லை. சன்னல் வெளிச்சத்தைப் பார்த்தேன். மாங்காற்றை இழுத்தேன். மூக்கு மயிரைப் பிடுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கு மணலாகக் கிடந்தது. உன் வாழ்க்கை ஒரு தட்டில் ஆடுகிறது, உன் மாமன் இரண்டு வாரம் பாடுபட்டு அதைக் காப்பாற்றும் ஒரே ஆயுதத்தைத் தானே மழுக்கி வைத்திருக்கிறான். வேறு வழியில்லை. தட்டில் கையை விட்டுவிட்டு ஆள் மட்டும் கிளம்பினேன். மறுபடியும் கூரைக்கு மேலே, ரத வீதிக்கு மேலே, ஆற்றுக்கு மேலே. பூந்தூள் கூட்டம் குறுக்குத்துறை மண்டபத்தின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. போய்க் கும்பிட்டேன்.

"ஏலே, ரெண்டு வாரமாக் கதவச் சாத்திட்டு, இப்ப வா வான்னா நாங்க வரணுமாக்கும்?" என்றது ஒரு மாம்பூத் துகள்.

"பிள்ளை கல்யாணம் தாயே."

"எங்களுக்கும் இது கல்யாண மாசந்தாம்லே. ஆயிரம் பூவுக்குப் பொண்ணழைப்பு இருக்கு. வழியில ஒன் மூக்கு வந்து நிக்குன்னா நாங்க என்ன செய்ய?"

எவ்வளவு நியாயமான பேச்சு! எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் கிழட்டு வேப்பம்பூத் துகள் ஒன்று, உதிரப்போகிற வயது, "நான் போறேன்; எனக்கினி எந்தப் பூவும் காத்திருக்கல" என்று சொல்லி, என் இடது மூக்கில் விளக்கேற்றப் போவது போல் நிதானமாக நுழைந்தது. நாங்கள் இருவரும் சபைக்கு மிதந்து வந்தோம். தும்மினேன்! தும்மிய தும்மலில் நாங்குநேரிக்காரர்கள் வந்த வேன் நாங்குநேரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெற்றிலைகள் எழுந்து நின்று கைகூப்பின. தட்டு என் கையிலிருந்து தானே எழும்பி, சபையை ஒருமுறை வலம்வந்து, காந்திமதிநாதன் மடியில் இறங்கியது. கூடங்குளத்தில் கடல் இரண்டடி பின்வாங்கி, பிறகு தன் வேலையைப் பார்த்தது. சம்பந்தம் உறுதியாயிற்று.

ஆகவே உன் கேள்விக்கு இதுவே என் தீர்ப்பு: உன் மாமன் மூக்கு இருக்கிறவரை எந்த ராஜராஜேஸ்வரியைக் கண்டும் நீ அஞ்சவேண்டாம். சீர் சாமான்களோடு என்னையும் ஒரு மூலையில் ஏற்றி நாங்குநேரிக்கு அனுப்பிவிடச் சொல். ஒற்றைத் தும்மல் எங்கே கேட்டாலும் உடனே ஓடிவந்து இரண்டாவதைப் போட்டுவிடுகிறேன்.

மாம்பூ போல நெருங்கிப் பூத்து, அதில் பாதியாவது நிலைத்துக் காய்க்க நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் உனக்கு அருள் செய்யட்டும். வேளைக்குச் சாப்பிடு. மருந்தை நீயாவது குனிந்து அடி.

இப்படிக்கு,
உன் பெருமைக்குரிய தாய்மாமன்,
ஞானசம்பந்தன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டியபிறகு மனம் கேட்காமல் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ளதை நம்பாதே. பஸ் எங்கும் போகவில்லை. ஆறு எப்போதும் கிழக்கேதான் ஓடுகிறது. பறத்தல் என்று எழுதியது நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கியது. காந்திமதிநாதன் தும்மியதும் நான் தட்டைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். என் மூக்கிலிருந்து அன்று பொழுது சாய்கிறவரை ஒன்றும் வரவில்லை.

இரண்டாவதாக ஒரு தும்மல் கேட்டது என்பது மட்டும் உண்மை. போட்டவர் ராஜராஜேஸ்வரி அம்மாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சின்னதாக, குருவி தும்முவது போல. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆனால் நான் ஆயுள் முழுதும் தும்மியவன், லேகா. மெய்யாகத் தும்முகிறவருக்குக் கண் மூடும். அந்த அம்மாளுக்குக் கண் திறந்தே இருந்தது. யாரும் கையை எடுத்துவிடக் கூடாதே என்பது போல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவனித்துவிட்டதையும் பார்த்துவிட்டார்.

"என்ன பாக்கிய? அதான் ரெண்டாச்சுல்லா. தட்ட மாத்துங்க" என்றார்.