மாமனாரும் அரிவாள் மூக்கனும்

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் மூன்று நாளாவது மரியாதை இருக்கும் என்பார்கள். எனக்கு முதல் நாள் மதியச் சாப்பாடு வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். மற்ற நேரமெல்லாம் மைக்கை நீட்டிக்கொண்டு பறவைச் சத்தம் பதிவு செய்வேன். (தொழில் ஒழுங்காக நடந்தால் இந்தப் புத்தி வருமா என்று என்னைப் பெற்ற அத்தா கேட்பார்.) ஒவ்வொரு பதிவிலும் முதலில் பறவையின் அடையாளம் சொல்வேன், பிறகு அதன் சத்தம், கடைசியில்தான் பெயர். இந்த முறையை வகுத்த கிறுக்கன் யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

மறுவீட்டு விருந்துக்காக மாமனார் ஊரான சித்தையன்கோட்டைக்கு முந்தின இரவுதான் போய்ச் சேர்ந்திருந்தோம். விடிந்ததும் வயல்பக்கம் போய் அருமையான பதிவு ஒன்றோடு திரும்பினேன். மதியம் சொந்தபந்தமெல்லாம் பிரியாணிக்கு உட்கார்ந்திருந்தபோது என் மச்சான் ஸ்பீக்கரில் பாட்டுப் போட வந்தான்.

"பாட்டு என்ன பெரிய பாட்டு, என் போன்ல இருக்கறதப் போடு" என்று பெருமையாக நீட்டினேன்.

போட்டான். கூடம் முழுக்க என் குரல்.

"சித்தையன்கோட்டை. வயக்காட்டுல நிக்கிது. வயசான ஆம்பளையாத்தான் இருக்கணும். தலையில ஒத்த முடி கெடையாது. உச்சியில மட்டும் செவப்பா, சொரசொரன்னு. மூக்கு அருவா மாதிரி வளைஞ்சிருக்கு. நடையப் பாத்தா ஊரையே வெலைக்கு வாங்குன மாதிரி. பக்கத்துல ஜோடி. பாவம், அது வாயே தொறக்கல. இது தொறந்தா மூடாது."

எதிரே என் மாமனார். மண்டியில் தோல் ஏலம் கூவி விற்கிறவர். புழுக்கத்துக்குத் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். வழுவழுப்பான மண்டை, உச்சியில் வேர்க்குரு, நடுவில் அந்த மூக்கு. கவளம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

நிறுத்தப்போன மச்சான் பதற்றத்தில் பதிவையே அழித்துவிட்டான். பறவைச் சத்தமும் பெயரும் வரவே இல்லை.

பெண்கள் பக்கமிருந்து மாமியாரின் குரல் கேட்டது: "யாருப்பா அது, இம்புட்டுச் சரியாச் சொன்னது?"

மாமனார் இடது கையால் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "மாப்ளே, காலையில என்னைய வயக்காட்டுல பாத்தீகளா?"

அவரும் காலையில் அங்கே போயிருக்கிறார்!

"மாமா, அது பறவை!"

"பாத்துட்டு ஒரு சலாம்கூடச் சொல்லாம ஒளிஞ்சு நின்னு பேசியிருக்கீக. இப்பப் பறவைங்கிறீக."

"அல்லாமேல ஆணையா பறவைதான் மாமா."

"அப்ப காட்டுங்க."

கை கழுவிய கையோடு கூட்டமே வயலுக்குக் கிளம்பியது. போய்ப் பார்த்தால் ஒரு கொக்குகூட இல்லை. நான் வரப்பில் அங்கும் இங்கும் ஓடினேன். என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். (கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, பாவம்.)

பொறுமை போய் மாமனார் மண்டியில் கூவுகிற குரலெடுத்துக் கத்தினார்: "எங்கய்யா இருக்க? வெளிய வாய்யா!"

பனைமர உச்சியிலிருந்து அதே தொனியில் ஓர் அலறல் பதிலாக வந்தது. கருப்பு அரிவாள் மூக்கன் இறங்கி வந்து, சிவந்த உச்சந்தலையோடு அவருக்கு நேராக வரப்பில் நின்றது. மாமனார் அதைப் பார்த்தார். அது மாமனாரைப் பார்த்தது. இருவருமே தலையைச் சாய்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் மாமியிடம் மெதுவாகக் கேட்டார், "ஏம்மா, எனக்கு மூக்கு இம்புட்டு நீளமா?"

மாமி வாயைத் திறக்கவில்லை. முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தார்.

மாமனார் என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த பெருநாளன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் குரலில் ஒரு பதிவு வந்தது: "திண்டுக்கல்லேருந்து வருது. பிரியாணி வாசம் பட்டா தானா எறங்கும். தொப்பை உண்டு. மூணு தட்டு கொத்துனாலும் அடங்காது. வெரட்டுனாலும் போகாது."

இன்று என் மகளுக்கு அது மனப்பாடம். வீட்டுக்கு யார் வந்தாலும், "ஏதாவது ரைம்ஸ் சொல்லுமா" என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறாள்.