மேனேஜர் தின்ற பயோடேட்டா

ஒரே பயோடேட்டா. ஒரே கடையில் எடுத்த நகல். ஒரே தாள், ஒரே மை. ஒன்றைக் கழுதை ஆசையாகத் தின்றது. இன்னொன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பி நின்றது. ஏன்?

பாப்பாவுக்கு இதுதான் புரியவில்லை. பாப்பா என்பது வீட்டில் கூப்பிடும் பெயர், வயது இருபத்தொன்பது. சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தவள். வந்த பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் ரசீதில் கையெழுத்துப் போட்டதே இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு கழுதையின் பின்புறத்தைப் பார்த்தபடி நிற்க நேர்ந்ததற்கு அவளுடைய அப்பாதான் காரணம்.

"ஊரே போகுது, நாம மட்டும் போகலைன்னா எப்படி?" என்றார் அப்பா. ஊரே கிணற்றில் குதித்தால் என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "எந்தக் கிணறு?" என்று விசாரித்திருப்பார்.

ஊர் உண்மையிலேயே ஒரு தகரக் கொட்டகையில்தான் கிடந்தது. பட்டம் வாங்கியவர்கள், பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கியவர்கள், வீட்டில் தூங்கும் கணவரின் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு வந்த மனைவிமார்கள் என்று வரிசை தெருமுனை தாண்டி நின்றது. உள்ளே ஒரு சுழல்நாற்காலி. அதில், வேலை நியமனத்துக்கு வழி சொல்கிறவர் என்று பெயரெடுத்த நியமன குரு. பக்கத்தில் ஒரு மேசை. அதன் பின்னால், கழுத்தில் டை கட்டிய கழுதை. பெயர் மேனேஜர். கழுதை உங்கள் பயோடேட்டாவைத் தின்றால் வேலை உறுதி. தின்னாவிட்டால் தோஷம்.

தின்ற பிறகும் வேலை கிடைக்காதவர்கள் இல்லையா? ஏன் இல்லை! அவர்கள் திரும்பி வந்தால் குரு நிதானமாக ஒரு கேள்வி கேட்பார்: "மேனேஜர் மென்னு தின்னாரா, அப்படியே முழுங்கினாரா?" கழுதையின் வாய்க்குள் எட்டிப் பார்த்தவர் யார்? தலையைச் சொறிந்துகொண்டே மறுபடி வரிசையில் நிற்பார்கள்.

"மேனேஜரய்யா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கய்யா," என்று அப்பா கைகூப்பினார். மேனேஜர் காதைக்கூட அசைக்கவில்லை.

குரு பயோடேட்டாவை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதுல மூணு வருஷம் ஓட்டை இருக்கேம்மா. வேலையே பாக்கலையா? இடைவெளி தோஷம்! 'இந்த மூணு வருஷம் என்ன பண்ணே'ன்னு இண்டர்வியூல கேப்பான். உன் வாய் ஒட்டிக்கும்."

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு கேள்விக்குத்தான் அவளிடம் பதில் இல்லை. மேல்படிப்பு என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். சொந்தத் தொழில் என்று சொல்லிப் பார்த்தாள். கண்ணாடியே நம்பவில்லை. நடந்தது என்னவோ எளிமையானது. அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். உப்பு கூடாது என்றார் டாக்டர். மூன்று வருடமாக அந்த வீட்டில் உப்பு டப்பாவே கிடையாது. இப்போது அப்பா தேறிவிட்டார், இனி தம்பி பார்த்துக்கொள்வான். ஆனால் இதையெல்லாம் ஒரு பதில் என்று யாராவது ஒத்துக்கொள்வார்களா?

குரு ஈரத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, இன்னொரு நகலை இரண்டு பக்கமும் பக்தியோடு துடைத்துக் கொடுத்தார். "இதை ஒன்பது வாரம் வீட்டில வெச்சிருந்து கொண்டுவாங்க. மேனேஜர் ஏத்துக்குவார். அதுவரைக்கும் எந்த இண்டர்வியூக்கும் போகக் கூடாது. மீறிப் போனா ஆயுசுக்கும் வேலை கிடையாது."

இண்டர்வியூ நாளை மறுநாள்.

வாசலில் எதிர்வீட்டு அண்ணன் பல்லெல்லாம் தெரிய நின்றான். "என்னோடதை மேனேஜர் ஒரே வாய்ல தின்னுட்டார், பாப்பா! காசு கட்டி சிறப்பு வரிசைல போனேன். துடைச்சுக் குடுத்தார், தின்னார், முடிஞ்சுது."

"அண்ணே, அது என் பயோடேட்டாவைப் பாத்து அடிச்சதுதானே?"

"பேரையும் போட்டோவையும் மாத்திட்டேன்ல!"

மாற்றியது அவ்வளவுதான். நகல் எடுத்த கடைகூட ஒன்றுதான். அவள் படிப்பு, அவள் கிடங்கு, அவளுடைய மூன்று வருட ஓட்டை எல்லாம் அதில் அப்படியே இருந்தன. ஓட்டை தோஷம் என்றால் இரண்டுக்கும் தோஷம்தானே?

மறுநாள் காலை, "நீ இண்டர்வியூக்குப் போகவே கூடாது" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டு, துடைத்த பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டுவது அவர் பழக்கம். புரட்டினார். விரலை நாக்கில் வைத்தார். மறுபடி புரட்டினார். பாப்பா துணி மடித்து முடித்து வந்தபோதும் புரட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பரவசம்.

"அப்பா, இருக்கிறதே ரெண்டு பக்கம். அப்படி என்ன படிக்கிறீங்க?"

"நல்லா எழுதியிருக்கேம்மா... ருசியா இருக்கு."

"ருசியா?"

அப்பா திருதிருவென விழித்தார். பாப்பா தாளைப் பிடுங்கி, ஓரத்தை நாக்கில் வைத்தாள். உப்பு! மூன்று வருடம் உப்புக் கரிக்காத நாக்கு, இம்மியளவையும் விடாமல் பிடித்துக்கொண்டது.

"ஏம்ப்பா, டாக்டர் என்ன சொன்னார், நீங்க என்ன பண்றீங்க? பயோடேட்டாவை நக்குறீங்களா?"

"தோஷம் கழியட்டும்னுதான்..."

திட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. புல்லிலும் வைக்கோலிலும் உப்பு அதிகம் கிடையாது. அதனால்தான் மேயும் மிருகங்கள் உப்பு கண்ட இடத்தில் நாக்கை நீட்டும். சுவரை நக்கும், வியர்த்த கையை நக்கும். குருவின் துண்டு உப்புத் தண்ணீரில் நனைத்தது. துடைத்த தாளைக் கழுதை தின்னும், துடைக்காததைத் தொடாது. கழுதைக்குப் படிக்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அதற்கு நாக்கு இருக்கிறது என்பதைத்தான் ஊர் மறந்துவிட்டது.

ஆனாலும் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவளா அவள்? பக்கத்து வீட்டில் ஒரு பிடி உப்பு கடன் வாங்கினாள். ஒரே மாதிரி இரண்டு தாள் எழுதினாள். ஒன்றை உப்புத் தண்ணீரில் நனைத்தாள். மற்றதை வெறும் தண்ணீரில் நனைத்தாள். வெறும் தண்ணீரில் எதற்கு? ஈரம் பட்டதால்தான் தின்றது என்று நாளை ஒருவரும் சொல்லக் கூடாதே! இரண்டையும் காயவைத்து எடுத்துக்கொண்டு, அப்பாவையும் இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

கூட்டத்தின் நடுவே நின்று சத்தமாகப் படித்தாள். "பெயர்: மேனேஜர். தகுதி: நாலு கால். அனுபவம்: மூட்டை சுமந்தது. பலம்: காது. பலவீனம்: பின்னால் நிற்பவரை உதைப்பது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதல் தாளை நீட்டினாள். மேனேஜர் ஆவலோடு தின்றது.

குரு சமாளித்தார். "தன்னோட பயோடேட்டா ஆச்சே! அதான் ஏத்துக்கிட்டார்."

"இதுவும் அவரோடதுதான். அதே எழுத்து," என்று இரண்டாவதை நீட்டினாள். மேனேஜர் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி நின்றது.

"தின்னதை உப்புத் தண்ணில நனைச்சேன். இதை வெறும் தண்ணில நனைச்சேன். அவ்வளவுதான் வித்தியாசம். குருவே, உங்க துண்டை இப்படிக் குடுத்துட்டு, துடைக்காம ஒரு தாளைத் தின்ன வைங்க பாப்போம்."

"அது துண்டு இல்ல! என் தவத்தோட வியர்வை!"

"அப்போ யாராவது நக்கிப் பாருங்க."

ஒருவரும் முன்வரவில்லை. அப்பா மட்டும் ஒரு அடி எடுத்து வைத்தார். பாப்பா முறைத்தாள், பின்வாங்கினார். அதற்குள் மேனேஜரே பிரச்சினையைத் தீர்த்துவைத்தது. மேசையைச் சுற்றிவந்து, குருவின் தோளிலிருந்த துண்டைக் கவ்வி, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தது. குரு ஒரு முனையை இழுத்தார். கழுதை மறுமுனையை இழுத்தது. இழுத்துக்கொண்டே கழுதையைச் சுற்றி அதன் பின்னால் போய் நின்றவருக்கு, பயோடேட்டாவில் சொல்லியிருந்த அந்தப் பலவீனம் கிடைத்தது. சுழல்நாற்காலியில் போய் விழுந்து, அதோடு சுழன்றுகொண்டே தெருவுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

மறுநாள் இண்டர்வியூ. எதிர்வீட்டு அண்ணன்தான் முதலில் உள்ளே போனான். அவளுடையதைப் பார்த்து அடித்த பயோடேட்டாவை ஏற்கெனவே அனுப்பித் தொலைத்திருந்தான். வெளியே வரும்போது முகம் தொங்கியிருந்தது.

"மூணு வருஷம் எங்கே போனேன்னு கேக்குறாங்க, பாப்பா. நான் எங்கேயுமே போகலையே!"

அடுத்து பாப்பா. கண்ணாடி போட்ட அதிகாரியம்மா தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "நடுவுல மூணு வருஷம் காணோமே. என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

மேல்படிப்பு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, மேடம். வேலையை விட்டுட்டுக் கூட இருந்து பாத்துக்கிட்டேன். இப்போ நல்லா இருக்கார், தம்பி பாத்துக்கிறான். நான் வேலைக்கு வரத் தயார்."

அதிகாரியம்மா தலையசைத்தார். "சரி. கிடங்குல சரக்கு குறைஞ்சு வந்தா என்ன பண்ணுவீங்க?"

அவ்வளவுதான். குரு தோஷம் என்று பயமுறுத்திய கேள்வி ஒரு மூச்சில் கடந்துபோனது. வழி இதுதான்: நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், அது முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள், வேலைக்குத் தயார் என்று சொல்லுங்கள், பிறகு வாயை மூடுங்கள்.

இதற்குக் கழுதையின் சம்மதம் தேவையில்லை. அதற்காகக் கழுதையைக் குறை சொல்லவும் வேண்டாம். அந்தக் கொட்டகையில் வாயில் போடுமுன் முகர்ந்து பார்த்தது அது ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாரும் அப்படியே விழுங்கினார்கள்.