விசில் டீச்சரின் வெள்ளிக்கிழமை

எண்பதுகளில் டெல்லிக் குளிரைவிட என்னை அதிகம் நடுங்க வைத்தவர் விசில் டீச்சர்தான். தமிழ்ப் பள்ளியில் முப்பது வருஷம் டிரில் சொல்லிக்கொடுத்து ரிடையரான பம்பாய் யூதப் பெண்மணி. கழுத்து விசில் மட்டும் ரிடையராகவில்லை.

ஐம்பத்தைந்து வயதில், ஜெபக்கூடத்தில் ஒரு விதவை நர்ஸம்மாவைப் பார்த்தார். அவரும் யூதர். காதல்! சரோஜினி நகரில் என் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் பின்னறைக்கு இருவரும் குடிவந்தார்கள். உள்வாடகைக்கு விட்டது தெரிந்தால் எனக்கு வீடு போய்விடும். நான் தும்மும்போதுகூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வேன்.

டீச்சரோ, எந்த வீட்டில் வரதட்சணைக்காக மருமகளை அடித்தாலும் வாசலில் போய் விசில் ஊதுவார். நர்ஸம்மா தட்டைக் கரண்டியால் தட்டுவார். காலனிப் பெண்களெல்லாம் கூடிவிடுவார்கள். ஒருமுறை அடிபட்ட பெண்ணை என் வீட்டுக்கே கூட்டிவந்து, "பையா, சாய் போடச் சொல்லு, ஜல்தி!" என்றார். பின்னாலேயே போலீஸ். நான் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"யார் கேட்டாலும் என் பெண்டாட்டியோட சித்திங்கன்னு சொல்லிடுங்க டீச்சர்."

"அம்பது வருஷம் பொய் சொல்லியாச்சு பையா. அப்பாகிட்ட, புருஷன்கிட்ட, எனக்கே. இனி முடியாது."

விசிலடி வாங்கிய மாமனார் ஒருவர் மேலிடத்துக்கு மொட்டைக்கடிதம் போட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்வாடகைச் சோதனைக்குக் குவார்ட்டர்ஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். நம்மூர்க்காரர். பின்னறையில் யூதர் வழக்கப்படி இரண்டு மெழுகுவத்திகள் எரிந்தன.

"சித்திங்க சார்! பாருங்க, வெள்ளிக்கிழமை விளக்கு!"

"மெழுகுவத்தியிலயா?"

"டெல்லியில நல்ல எண்ணெய் எங்க சார் கிடைக்குது?"

டீச்சர் எழுந்தார். "நாங்க யூதங்க. இவ எனக்குத் தங்கச்சி இல்ல. ஆறு வருஷமா என் காதல்."

விசில் ஊதும் அந்தக் கை நடுங்கியது. நர்ஸம்மா அதை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் நான் ஒருவன்தான் பயந்தாங்கொள்ளி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் என்னை ஓரமாக இழுத்தார். "அந்தம்மா சொன்னது என் காதுல விழல. நீங்க சித்தின்னா சித்தின்னே எழுதிக்கறேன். அச்சா?"

தலையாட்டியிருந்தால் வீடு தப்பியிருக்கும். என் குரல் எனக்கே கேட்காமல் சொன்னேன்: "சித்தி இல்ல சார். அவங்க ரெண்டு பேரும் ஒரு குடும்பம். என்கிட்ட குடியிருக்காங்க."

குவார்ட்டர்ஸ் போயிற்று. ஆர்.கே.புரம் பக்கம் வீடு தேடி அலைந்தோம். போன இடத்திலெல்லாம் என் மனைவி தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்தாள். நான் பின்னறைக்குப் போய், இரண்டு கட்டில் போட இடமிருக்கிறதா என்று காலால் அளந்துகொண்டிருந்தேன்.